எண்ணிக்கையும் எண்ணமும்

நாவல் எழுதுகிறவனுக்குத் தேர்தலைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், தேர்தல் ஆருடம் சொல்லுகிறவர்களும் நாவலாசிரியர்களும் ஏறக்குறைய ஒரே தொழிலைத்தான் செய்துவருகிறோம். சில மனிதர்களை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்ன சந்தர்ப்பத்தில் இவர்கள் இன்னது செய்வார்கள் என்று எழுதுகிறோம். என் பாத்திரங்கள் சொன்னபடி கேட்காவிட்டால் நான் அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். ஆருடக்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஓட்டு எண்ணும் தினத்தன்று பாத்திரங்களே வந்து புத்தகத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.

அப்படிக் கிழிபட்ட புத்தகம் ஒன்றைச் சமீபத்தில் படித்தேன். ஜான் ஜூடிஸ், ரூய் டெஷேரா என்ற இரண்டு அமெரிக்கர்கள் சேர்ந்து எழுதி 2002ல் வெளியிட்டது. ‘உருவாகிவரும் டெமாக்ரடிக் பெரும்பான்மை’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அதன் வாதம் இவ்வளவுதான்: அமெரிக்காவில் கறுப்பர்களும், ஸ்பானிய வழி வந்தவர்களும், ஆசியாவிலிருந்து குடியேறியவர்களும் தொகையில் பெருகிவருகிறார்கள், படித்து உத்தியோகம் பார்க்கும் பெண்கள் பெருகிவருகிறார்கள், பெரிய நகரங்களையும் சர்வகலாசாலைகளையும் சுற்றி டாக்டர்கள், என்ஜினீயர்கள், ஆசிரியர்கள் என்று ஒரு புதிய ஜனக்கூட்டம் குடியேறிவருகிறது. இவர்கள் எல்லாரும் டெமாக்ரடிக் கட்சியின் பக்கம் சாய்கிறவர்கள். ஆகவே வரும் காலம் அந்தக் கட்சியுடையது.

2008ல் ஒபாமா ஜயித்தபோது இந்தப் புத்தகத்தை எல்லாரும் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடினார்கள். 2012ல் அவர் மறுபடியும் ஜயித்தார். தோற்ற ரிபப்ளிகன் கட்சியே 2013 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டு, ஸ்பானிய வழியினரை அணைத்துக்கொண்டு போகாவிட்டால் நமக்கு வழியில்லை என்று ஒப்புக்கொண்டது. மூன்று வருஷம் கழித்து, அந்த அறிக்கை சொன்னதற்கு நேர்மாறாகப் பேசிக்கொண்டு டிரம்ப் வந்தார், 2016ல் ஜயித்தார். 2020ல் தோற்று 2024ல் திரும்பவும் ஜயித்தார். அந்த 2024 தேர்தலில் டெக்ஸாஸ் மாகாணத்தின் எல்லையில் உள்ள ஸ்டார் கவுண்டி என்ற சிறு பிரதேசம் டிரம்புக்கு ஓட்டுப் போட்டது. அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஸ்பானிய வழியினர். 1892க்குப் பிறகு ஒரு ரிபப்ளிகன் அங்கே முன்னுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. புத்தகத்தின் பிரதான பாத்திரங்களே ஆசிரியர்களைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஆசிரியர்களுக்கு அநியாயம் செய்யக்கூடாது. வெள்ளைத் தொழிலாளிகளில் கணிசமான பேரைக் கையில் வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு பலிக்கும் என்று அவர்கள் புத்தகத்திலேயே எச்சரித்திருந்தார்கள். கொண்டாடினவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். 2015லேயே ஜூடிஸ் தம் பழைய வாதத்திலிருந்து விலகிவிட்டார். 2023ல் அதே இருவரும் சேர்ந்து, டெமாக்ரட்டுகள் எல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்டு இன்னொரு புத்தகம் எழுதினார்கள். தன் நாவல் தப்பாகிவிட்டது என்று இன்னொரு நாவல் எழுதி ஒப்புக்கொண்ட எழுத்தாளரை நான் தமிழில் பார்த்ததில்லை. அந்த நேர்மைக்காக அவர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு.

இந்தத் துறையில் பலித்த புத்தகமும் உண்டு. 1969ல் கெவின் பிலிப்ஸ் என்பவர் ‘உருவாகிவரும் ரிபப்ளிகன் பெரும்பான்மை’ என்று எழுதினார். ஜனங்கள் வடக்கே இருந்து தெற்குக்கும் மேற்குக்கும், நகரங்களிலிருந்து புறநகரங்களுக்கும் குடிபோகிறார்கள், அவர்களோடு அதிகாரமும் போகும் என்றார். 1968 முதல் 1988 வரை நடந்த ஆறு ஜனாதிபதித் தேர்தல்களில் ஐந்தில் அவருடைய கட்சி ஜயித்தது. ஆனால் அப்படிப்பட்ட புறநகரங்களுக்கெல்லாம் உதாரணமாகச் சொல்லப்பட்ட கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி, நிக்ஸன் பிறந்த மண், 2016ல் ஹிலாரி கிளிண்டனுக்கு ஓட்டுப் போட்டது. 1936க்குப் பிறகு அங்கே ஒரு டெமாக்ரட் ஜனாதிபதி அபேட்சகர் முன்னுக்கு வந்தது அப்போதுதான். ஆக, பலித்த ஆருடத்துக்கும் ஆயுள் உண்டு என்று ஆகிறது.

அமெரிக்கா சமாசாரத்தைப் பற்றிப் பாரிவாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்டால், நாங்களும் புறநகர்க்காரர்கள் என்பதுதான் பதில். பூந்தமல்லியை அடுத்த எங்கள் ஊர், பெயருக்கு இன்னும் கிராமம்தான். ஏரி இருக்கிறது, அதை நம்பிப் பயிர் வைத்த வயல்களில் பெரும்பகுதி இப்போது மனைக்கட்டு. எங்கு பார்த்தாலும் ஏதாவதொரு நகர். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர்கள், ஸ்ரீபெரும்புதூர் கார்க் கம்பெனிகளுக்கு ஷிப்டுப் போகிறவர்கள், பட்டணத்தில் வாடகை கட்டாமல் வந்தவர்கள், மதுரை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர்கள், எல்லாரும் கலந்து இருக்கிறார்கள். திருவள்ளூர் ஜில்லாவின் ஜனத்தொகை 2001க்கும் 2011க்கும் இடையில் நூற்றுக்கு முப்பத்தைந்து வீதம் பெருகியது. தமிழ்நாடு முழுவதற்கும் அது பதினைந்தரைதான். இவ்வளவு ஜனங்கள் புதிதாக வந்து இறங்கினால், யார் ஜயிப்பார்கள் என்பதும் அதற்கேற்ப மாறத்தானே வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நினைத்ததோடு நிற்கவில்லை, பந்தயமும் கட்டினேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் புறநகரங்களும் பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2016 மே மாதம் சட்டசபைத் தேர்தல். புது நகர்களில் இருப்பவர்கள் படித்தவர்கள், மாதத் தவணையில் வீடு வாங்கினவர்கள், கட்சிப் பாசம் இல்லாதவர்கள். ஆகவே ஆளுங்கட்சி இங்கே தேறாது என்று ஒரு சிநேகிதரிடம் அடித்துச் சொன்னேன். பூந்தமல்லியில் அ.தி.மு.க. அபேட்சகர் ஏழுமலை சுமார் 12 ஆயிரம் ஓட்டு அதிகம் பெற்று ஜயித்தார். மாகாணத்திலும் அதே கட்சி ஆட்சிக்குத் திரும்பியது. ஆளுங்கட்சியே மறுபடியும் ஜயித்தது 1984க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. சிநேகிதருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு ஏழுமலை உள்ளிட்ட 18 சட்டசபை அங்கத்தினர்களின் பதவி 2017ல் பறிபோயிற்று. 2019 ஏப்ரலில் பார்லிமெண்டுத் தேர்தலோடு சேர்த்து இங்கே இடைத்தேர்தல் நடந்தது. இந்தத் தடவை நான் புத்திசாலியாகிவிட்டேன். மூன்று வருஷத்தில் ஜனங்கள் மாறிவிடவில்லை, அதே தெரு, அதே வீடு, ஆகையால் முடிவும் அதேதான் என்று சொன்னேன். தி.மு.க.வின் கிருஷ்ணசாமி சுமார் 60 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜயித்தார். இரண்டாவது பிரியாணி. 2021ல் அவரே 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜயித்தபோது நான் பந்தயத்தை விட்டுவிட்டிருந்தேன்.

பக்கத்துத் தொகுதியான ஆவடியின் கதை இன்னும் வேடிக்கை. 2016ல் அங்கே அ.தி.மு.க.வின் பாண்டியராஜன் தி.மு.க.வின் நாசரை 1,395 ஓட்டில் ஜயித்தார். 2021ல் அதே நாசர் அதே பாண்டியராஜனை சுமார் 55 ஆயிரம் ஓட்டில் ஜயித்தார். அபேட்சகர்கள் மாறவில்லை, ஊரும் மாறவில்லை. ஐந்து வருஷத்தில் சில ஆயிரம் பேர் புதிதாகப் பட்டியலில் ஏறியிருப்பார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் அந்தக் கணக்கு 55 ஆயிரத்துக்குக் காணாது. முன்பு ஒரு விதமாகப் போட்டவர்கள் பிறகு வேறு விதமாகப் போட்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கிடையாது.

இதைவிடத் தெளிவான அத்தாட்சியும் 2019ல் கிடைத்தது. பூந்தமல்லியோடு சேர்த்து அந்த வருஷ ஏப்ரல், மே மாதங்களில் மொத்தம் 22 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. பதின்மூன்றைத் தி.மு.க.வும் ஒன்பதை அ.தி.மு.க.வும் பெற்றன. அதே சமயம் பார்லிமெண்டுக்கு நடந்த தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணிக்கு மாகாணம் முழுவதிலும் கிடைத்தது ஒரே ஒரு ஸ்தானம். உதாரணமாக, தர்மபுரி பார்லிமெண்டுத் தொகுதி தி.மு.க.வுக்குப் போயிற்று, அதற்குள் அடங்கிய அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் சட்டசபைக்கு அ.தி.மு.க.வையே அனுப்பின. ஒரே நாள், ஒரே பள்ளிக்கூடம், ஒரே வரிசை. உள்ளே இரண்டு இயந்திரங்கள். ஒரு மனிதனின் ஜாதி, வயது, படிப்பு, வருமானம் எல்லாம் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நகருவதற்குள் மாறிவிடாது. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி மாறியது. டில்லியில் யார் ஆளவேண்டும் என்பது ஒன்று. இங்கே உள்ள சர்க்கார் நிலைக்கவேண்டுமா என்பது வேறொன்று. ஜனத்தொகைக் கணக்கு இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறது.

“அதெல்லாம் சரி, 1967க்கு என்ன சொல்லுகிறீர்?” என்று ஒருவர் என்னை மடக்கினார். தமிழ்நாட்டில் ஜனங்கள் மாறியதால் ஆட்சி மாறியது என்பதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் அதுதான். இளைஞர்கள், மாணவர்கள், புதிதாக எழுத்துக் கூட்டக் கற்றவர்கள், பட்டணங்களில் வந்து சேர்ந்தவர்கள், சினிமாக் கொட்டகையில் அரசியல் கற்றவர்கள் என்று ஒரு புது வாக்காளர் கூட்டம் எழுந்து பழைய காங்கிரஸைத் தூக்கி எறிந்தது என்று சொல்வார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எண்களை எடுத்துப் பாருங்கள். 1962ல் காங்கிரஸுக்கு நூற்றுக்கு 46 ஓட்டு, 139 ஸ்தானங்கள். தி.மு.க.வுக்கு 27 ஓட்டு; 50 ஸ்தானங்கள். 1967ல் தி.மு.க. 137 ஸ்தானங்களைப் பிடித்தது. காங்கிரஸ் 51க்கு இறங்கியது. விருதுநகரில் காமராஜரையே சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் தோற்கடித்தார். இவ்வளவு பெரிய வீழ்ச்சியில் காங்கிரஸ் இழந்த ஓட்டு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? நூற்றுக்கு ஐந்துதான். அது 41 பெற்றது, தி.மு.க. பெற்றது 41க்கும் சற்றுக் குறைவு. தனிக் கட்சியாகப் பார்த்தால் தோற்ற காங்கிரஸ்தான் அதிக ஓட்டு வாங்கியது!

அப்படியானால் மாறியது என்ன? முன்பு சிதறிக் கிடந்த எதிர்ப்பு ஓட்டுகளை அண்ணாதுரை ஒன்று சேர்த்தார். ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாதவர்களை ஒரே பந்தியில் உட்காரவைத்தார். 1965ல் ஹிந்தி எதிர்ப்பில் மாணவர்கள் பட்ட அடியும், அரிசிக்கு ஜனங்கள் கியூவில் நின்ற நிலைமையும் அவருக்குச் சொல்வதற்கு விஷயம் கொடுத்தன. ரூபாய்க்குப் படி அரிசி என்றார். நூற்றுக்கு 70 ஆக இருந்த வாக்குப் பதிவு 76 ஆக உயர்ந்தது. புதிய வாக்காளர்கள் விறகு மாதிரி கிடந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். விறகு எவ்வளவு கிடந்தாலும் தானாகப் பற்றிக்கொள்ளாது. ஊரெல்லாம் பள்ளிக்கூடம் திறந்தவர் காமராஜர். அங்கே படிக்கக் கற்றவர்களில் எத்தனையோ பேர் அவர் கட்சிக்கு எதிராகவே ஓட்டுப் போட்டார்கள். இது நன்றி கெட்டதனம் என்று அப்போது பல பேர் வருத்தப்பட்டார்கள். ஆனால் படிக்கக் கற்றுக்கொடுத்தவர், படிக்கவேண்டிய பத்திரிகையையும் தாமே தேர்ந்தெடுத்துக் கொடுக்கமுடியுமா?

எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அதன் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. யார் யார் பட்டியலில் இருக்கலாம், எந்தக் கோட்டுக்குள் இருக்கலாம் என்று முடிவு செய்கிற இடத்தில் இருக்கிறது. 1920ல் சென்னை மாகாணத்தில் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. அதனால் அன்றைய சட்டசபை ஒரு விதமாக இருந்தது. 1952ல் இருபத்தொரு வயதான எல்லாருக்கும் ஓட்டு வந்தது. சென்னை ராஜ்யத்தில் 375 ஸ்தானங்களில் காங்கிரஸ் 152தான் பெறமுடிந்தது. 1989ல் வயது பதினெட்டாகக் குறைந்தது. 2008ல் தொகுதிக் கோடுகளைத் திருத்தி வரைந்தபோது ஆவடி, மதுரவாயல், அம்பத்தூர், மாதவரம் என்று இந்தப் பக்கத்தில் புதுத் தொகுதிகள் பிறந்தன. எங்கள் பூந்தமல்லி ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கிய தனித் தொகுதியாயிற்று.

கோடு நின்றுவிடுகிறது, ஜனங்கள் நிற்பதில்லை. 2021ல் சோழிங்கநல்லூர்த் தொகுதியில் ஏறத்தாழ ஏழு லட்சம் வாக்காளர்கள். துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஒரே ஒரு அங்கத்தினர். துறைமுகத்துக்காரர் ஒருவரின் ஓட்டு சோழிங்கநல்லூர்க்காரர் மூவருக்கும் மேற்பட்டவர்களின் ஓட்டுக்குச் சமம் என்று ஆகிறது. இதையே பெரிதாக்கிப் பார்த்தால் பார்லிமெண்டு ஸ்தானங்களைப் பற்றிய சச்சரவும் விளங்கும். நமக்கு 1962ல் 41 ஸ்தானங்கள் இருந்தன. 1967ல் 39 ஆயிற்று. 1976ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மாகாணங்களுக்குரிய ஸ்தானங்களை 1971 ஜனத்தொகைப்படி நிறுத்திவைத்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாகாணம் அதனாலேயே நஷ்டப்படக்கூடாது என்பது காரணம். 2001ல் செய்த திருத்தம் அதையே 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கு வரை நீட்டித்தது. எண்ணிக்கை விஷயத்தில் கவலைப்படவேண்டிய இடம் இதுதான். ஜாதிவாரியாகத் தெருக்களைக் கூட்டிக் கழித்து முடிவு சொல்லும் விமரிசகர்கள் அந்தக் கவலையை எங்கேயோ கொண்டுபோய் வைக்கிறார்கள்.

அவர்கள் எழுத்தில் நான் காணும் குறைகள் மூன்று. நாவல் எழுதுகிறவன் என்ற முறையிலேயே சொல்லுகிறேன், மட்டமான நாவல்களிலும் இதே மூன்று குறைகளைத்தான் பார்க்கிறோம்.

முதலாவது, ஒரு மனிதனுக்கு ஒரே ஒரு அடையாளத்தைக் கொடுத்துவிட்டு அதோடு அவனை முடித்துவிடுவது. எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் ஒரு ஜாதிக்காரர். அதே சமயம் வாடகைக்கு இருப்பவர். காலேஜில் படிக்கும் பெண்ணின் தகப்பனார். கரிக்குப் பதில் காஸ் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தொழிலாளி. இத்தனை பேரில் எந்த மனிதர் வாக்குச்சாவடிக்குப் போவார் என்று முன்கூட்டி யார் சொல்லமுடியும்? 2024ல் கமலா ஹாரிஸ் ஜயிக்கவேண்டும் என்று திருவாரூர் ஜில்லா துளசேந்திரபுரத்தில் கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். அவருடைய தாத்தா பிறந்த ஊர் அது. அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அமெரிக்காவில் உள்ள நம்மவர்கள் எல்லாரும் அதே காரணத்துக்காக ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்று நினைப்பது, அவர்களுக்கு வரி கிடையாது, வாடகை கிடையாது, பிள்ளைகுட்டி கிடையாது என்று நினைப்பதாகும்.

இரண்டாவது, அடையாளம் மாறாமல் நிற்கும் என்று நம்புவது. புறநகருக்கு வந்த முதல் வருஷம் நாங்கள் எல்லாரும் வாடகைக்காரர்கள். பத்தாவது வருஷம் வீட்டுக்காரர்கள். இருபதாவது வருஷம், புதிதாக வருகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் ஊர்க்காரர்கள். மனு எழுதத் தெரியாத ஊராக இருந்தது ரோடு, குழாய், சாக்கடை என்று தினம் ஒரு மனு எழுதும் ஊராகிவிட்டது. ஆரஞ்சு கவுண்டியிலும் ஏதோ இந்த மாதிரிதான் நடந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, எதிராளி தூங்கிக்கொண்டிருப்பான் என்று எண்ணுவது. ஒரு கூட்டம் பெருகிவருகிறது என்று தெரிந்தால் இரண்டு கட்சியும் அங்கே ஓடும். தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் 2021ல் ஆண்கள் சுமார் 3 கோடி 9 லட்சம், பெண்கள் சுமார் 3 கோடி 19 லட்சம். பெண்கள் ஓட்டு எம்.ஜி.ஆர். காலத்திலிருந்தே ஒரு கட்சிக்குச் சொந்தம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2021ல் பெண்களுக்குப் பஸ்ஸில் இலவசப் பிரயாணம் வந்தது. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வந்தது. சொந்தம் என்று ஒருவர் நினைத்திருந்ததை இன்னொருவர் வீடு தேடிப் போய்க் கேட்டார். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஜனநாயகம் என்றால் அப்படித்தான் கேட்கவேண்டும்.

இவ்வளவும் எழுத என்னைத் தூண்டியது அமெரிக்கப் புத்தகம் மட்டும் அல்ல. எங்கள் தெருவில் ஒரு கட்சியின் பூத் ஏஜெண்டாக இருக்கும் பையன் ஒருவன் ஒரு நாள் தன் வாக்காளர் பட்டியலை எனக்குக் காட்டினான். நல்ல பையன், ராத்திரியில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் ஆட்டோ கொண்டுவருகிறவன் அவன்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் குறி போட்டிருந்தான்.

“டிக் போட்டது நம்மளுது சார். இண்டு போட்டது அவுங்களுது.”

“எப்படித் தெரியும்?”

“பேரு, ஊரு, தெரு, இன்னா வேலை... பார்த்தா தெரிஞ்சிடும் சார்.”

ஒரு தெரு முழுக்க இண்டு. அங்கே ஓட்டுக் கேட்கப் போனாயா என்று கேட்டேன். “போய் இன்னா சார் பிரயோஜனம்?” என்றான். இன்னொரு தெரு முழுக்க டிக். அங்கே? “அவுங்க எங்க சார் போயிடப் போறாங்க?” என்றான்.

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. எண்ணிக்கைதான் முடிவு என்று நம்புகிற கட்சிக்கு, நண்பரிடமும் பேசவேண்டியதில்லை, எதிரியிடமும் பேசவேண்டியதில்லை. பேச்சு நின்றுபோனால் செய்வதற்கு மிஞ்சுவது ஒன்றுதான்: டிக்குகளைப் பெருக்குவது, இண்டுகளைக் குறைப்பது. கோட்டை இங்கே தள்ளி வரையலாமா, பெயரை அங்கே சேர்க்கலாமா, இங்கே நீக்கலாமா என்ற யோசனைகள் அந்த நம்பிக்கையிலிருந்துதான் பிறக்கும். மனத்தை மாற்றப் பாடுபடுவதைவிடப் பட்டியலை மாற்றுவது சுலபம் அல்லவா?

பட்டியலைத் திருத்தவே கூடாது என்பதில்லை. இறந்தவர் பெயர் இருக்கக்கூடாது. ஒருவருக்கு இரண்டு ஊரில் ஓட்டு இருக்கக்கூடாது. 1950ஆம் வருஷத்துச் சட்டம், ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கிற இடத்தில்தான் பெயர் பதியவேண்டும் என்கிறது. ஆனால் எந்த இடத்தில் வழக்கமாகக் குடியிருக்கிறோம் என்பதைப் புறநகர்வாசி அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடமுடியாது. வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர்கள் எத்தனை பேர்! 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தீவிரத் திருத்தம் தொடங்கி, டிசம்பர் 19ந் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. சுமார் 27 லட்சம் பேர் காலமானவர்கள் என்றும், 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் என்றும் கணக்குச் சொல்லப்பட்டது. அதன் பிறகு மனுப் போட்டுப் பலர் திரும்பச் சேர்ந்தார்கள். ‘இடம் மாறியவர்’ என்பது பட்டியலில் ஒரு காரணம். எங்கள் ஊரில் அது ஏறக்குறைய எல்லாருடைய ஜீவிய சரித்திரம்.

இன்னொரு கூட்டமும் இங்கே இருக்கிறது. பட்டறைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கும் ஒரிஸா, பீஹார்த் தொழிலாளிகள். எங்கள் வீடுகளுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இங்கே இல்லை. ஊரில் இருக்கிறது; ஆனால் ஓட்டுப் போட ஊருக்குப் போய்வரக் கையில் காசும் இல்லை, லீவும் இல்லை. அவர்கள் பட்டியலில் வந்துவிட்டால் இங்கே முடிவு மாறிவிடுமே என்று பயப்படுகிறவர்கள், அவர்களையும் ஒரே மாதிரி யோசிக்கும் ஒரு மூட்டையாகத்தான் நினைக்கிறார்கள். அதே மூட்டைக் கணக்கைத்தான் ஸ்டார் கவுண்டி ஜனங்கள் பொய்யாக்கினார்கள்.

முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது வடக்கே சுமார் 28 லட்சம் பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்றுதான் சொன்னார்கள். அப்போது தேர்தல் கமிஷனராக இருந்த சுகுமார் ஸென் அந்த விவரத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பெயர்கள் பட்டியலில் ஏறவில்லை. அது கொடுமை என்று எனக்கு வெகுகாலம் தோன்றியது. இப்போது கொஞ்சம் வேறு மாதிரியும் தோன்றுகிறது. இன்னாருடைய மனைவியாக ஓட்டுப் போட வராதே, நீயாக வா என்று அந்தப் பெண்களிடம் ஒரு சர்க்கார் ஸ்தாபனம் சொன்னது. இன்றைய விமரிசகர்களோ, நீ யாராக வந்தாலும் சரி, உன்னை இன்ன ஜாதிக்காரி, இன்ன தெருக்காரி என்றுதான் எழுதிக்கொள்வோம் என்கிறார்கள்.

பையனின் பட்டியலில் என் பெயரையும் தேடிப் பார்த்தேன். எதிரே ஒரு கேள்விக்குறி இருந்தது. அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. “தப்பா எடுத்துக்காதீங்க சார், நீங்க எழுதறவரு, உங்களை ஒண்ணும் சொல்ல முடியல” என்றான். முதலில் எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பிறகு, அந்தப் பட்டியலில் எனக்குக் கிடைத்ததுதான் நல்ல குறி என்று தோன்றியது.

எங்கள் தெருக்கோடியில் கீரை விற்கும் ஆயா ஒருத்தி இருக்கிறாள். நகர்கள் வருவதற்கு முன்பிருந்தே ஊரில் இருப்பவள். அவள் பெயருக்கு எதிரே டிக். அதுவும் பென்சிலால் போட்டதல்ல, பேனாவால் போட்டது. பத்து வருஷமாக அப்படித்தானாம். அடுத்த நாள் காலையில் முருங்கைக் கீரை வாங்கும்போது விளையாட்டாகக் கேட்டேன்.

“ஆயா, போன தடவை யாருக்குப் போட்டே?”

அவள் கீரைக்கட்டின் வாழைநாரை இறுக்கிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னா தம்பி, படிச்சவரு கேக்கற கேள்வியா இது? உங்ககிட்டே சொல்றதுக்கா அங்கே அட்டை வெச்சு மறைச்சிருக்கான்?”

சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பையனிடம் இதைச் சொல்லவில்லை.